துறையின் முழங்கால்

உங்கள் முழங்கால் தரையிலிருந்து எத்தனை அங்குல உயரத்தில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா?

எனக்கும் நாற்பத்தோரு வயது வரை தெரியாது. தெரியாமலே உண்டேன், உறங்கினேன், கல்யாணம் செய்துகொண்டேன். இப்போது தெரியும். என் முழங்கால் இருபது அங்குலம். என் மனைவியுடையது பதினெட்டு. துறையின் முழங்கால் பதினைந்து. துறைக்கு ஏது முழங்கால் என்று கேட்காதீர்கள். நான் கேட்டேன். அதற்கு ஒரு மணி நேரம் பதில் சொன்னார்கள்.

நான் பள்ளி வேன் ஓட்டுகிறவன். பதினான்கு பிள்ளைகள். பிள்ளைகளை ஏற்றிப் போகிறவனுக்கு மற்றவர்களுக்குக் கொடுக்கிற உரிமம் போதாது. தனி உரிமம் வேண்டும்; அதை வருடம் ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதற்குப் போதைச் செடித் தடுப்புத் துறை ஒரு தாள் தர வேண்டும். ‘இவர்மேல் எங்களிடம் ஒன்றும் இல்லை’ என்பதுதான் அதில் இருக்கும் மொத்த விஷயமும். கறையில்லாச் சான்று என்பது அதன் பெயர். ஒன்பது வருடமாக வாங்கியிருக்கிறேன். ஒன்பது வருடமும் பத்து நிமிடத்தில் கொடுத்தார்கள்.

பத்தாவது வருடம், உரிமம் முடிய இன்னும் இரண்டு மாதம் இருக்கும்போது, குளியலறைச் சுவர் வெடித்துவிட்டது என்று கொத்தனாரைக் கூப்பிட்டேன். சுவருக்குப் பின்னால் ஒரு முழ அகலத்துக்குக் காலி மண் உண்டு. என் மனைவி குருவிக் கூண்டைக் கழுவி அந்தத் தண்ணீரை அங்கேதான் கொட்டுவாள். கொத்தனார் உள்ளே எட்டிப் பார்த்தார். கரண்டியைக் கீழே வைத்தார்.

“அண்ணே, வேன் வருமானம் பத்தலையா?”

“ஏன்?”

“கஞ்சா போட்டிருக்கீங்களே.”

ஒரு சாண் உயரத்தில் ஒரு செடி. விரல் விரலாக இலை. நான் அதுவரை அந்தச் செடியை நேரில் பார்த்தது கிடையாது. துறையின் சுவரொட்டியில் சிவப்புக் கோட்டுப் படமாகப் பார்த்ததுதான். செடி பச்சையாக இருந்ததால் அடையாளம் தெரியவில்லை.

“நான் எங்கய்யா போட்டேன்?”

“குருவித் தீனியில கலந்து வரும்ணே. அந்த விதை குருவிக்கு ரொம்பப் பிடிக்கும். சிந்தினது முளைச்சிருக்கு. பிடுங்கிச் சுவத்துக்கு உள்ள வச்சுப் பூசிடட்டா?”

பூசியிருக்கலாம். ஒரு கரண்டி சிமெண்டில் என் வாழ்க்கை ஒழுங்காக இருந்திருக்கும். ஆனால் அந்தச் சுவரொட்டியில் படத்துக்குக் கீழே எழுதியிருப்பது எனக்கு மனப்பாடம்: ‘கண்டால் தொடாதே. பிடுங்காதே. எங்களிடம் சொல்.’ பிடுங்கினால் சாட்சியத்தை அழித்த குற்றம். வருகிற மாதம் அவர்களிடமே போய்ச் சான்று கேட்டு நிற்க வேண்டியவன் நான். நேர்மையாகச் சொல்லிவிட்டால் இன்னும் சீக்கிரம் கொடுப்பார்கள் என்று நினைத்தேன்.

“அவரு சொல்றதைக் கேளுங்க” என்றாள் மனைவி.

“சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல?”

“இருக்கட்டும். அது பாட்டுக்கு அங்க இருக்கட்டும். நீங்க ஏன் போய்த் தட்டி எழுப்புறீங்க?”

நான் போய்த் தட்டி எழுப்பினேன்.

துறையில் என் மனுவை வாங்கியவருக்கு அளவர் என்று பதவி. கழுத்தில் தையற்கடை நாடா தொங்கியது. செடி எவ்வளவு உயரம் என்று கேட்டார். ஒரு சாண் என்றேன். அவர் முகத்தில் ஒரு கனிவு வந்தது.

“பயப்படாதீங்க. முழங்காலுக்குக் கீழ இருந்தா தற்செயல். புத்தி சொல்லி அனுப்பிடுவோம், சான்றும் உண்டு. முழங்காலுக்கும் இடுப்புக்கும் நடுவுல இருந்தா அலட்சியம். ஒரு மாசம் வகுப்புக்கு வரணும். இடுப்பைத் தாண்டினாத்தான் சாகுபடி. அது ஜெயில்.”

“அப்ப நம்மளது தற்செயல்தானே சார்?”

“நீங்க சொன்னாப் போதுமா? நாங்க வந்து அளக்கணும்.”

“இப்பவே வாங்க சார். வேன் வெளியில நிக்குது.”

“அந்த ஆளோட வண்டியில போய் அந்த ஆளோட செடியை அளந்தா அது என்ன அளவு? துறையோட வண்டியிலதான் வரணும். அதுக்கு டயர் கேட்டு எழுதியிருக்கு.”

டயர் வரும்வரை செடிக்கு நான்தான் பொறுப்பாளர் என்று ஒரு உத்தரவு கொடுத்தார். செடி வாடக் கூடாது. ஒடியக் கூடாது. ஆடு மாடு கடிக்கக் கூடாது. செத்துப்போனால் சாட்சியத்தை அழித்ததாகும். தினமும் காலையில் தண்ணீர் ஊற்றிவிட்டு, ஊற்றினேன் என்று ஒரு நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும்.

“தண்ணி ஊத்தினா வளர்ந்துடுமே சார்?”

“செடின்னா வளரத்தான் செய்யும்” என்றார் அளவர், எனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்வது போல.

வளர்ந்தது. நான் ரோஜா வைத்துப் பார்த்திருக்கிறேன், தக்காளி வைத்துப் பார்த்திருக்கிறேன். எதுவும் இப்படி என் சொல் கேட்டதில்லை. காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்து பார்த்தால் ஒரு இலை கூடியிருக்கும். மாலையில் இன்னொன்று. என் மனைவி ஒரு பழைய அளவுகோலைக் கொண்டு வந்து பக்கத்தில் நட்டாள்.

“பதினொண்ணு. போன வாரம் ஒம்பது. பெத்த பிள்ளையைக்கூட இப்படி நின்னு பார்த்ததில்லை நீங்க.”

மூன்றரை வாரம் கழித்துத் துறையின் வண்டி வந்தது. அளவர் நாடாவை எடுக்கவே இல்லை. சிவப்புத் துணியில் சுற்றிய ஒரு குச்சியை எடுத்து, கும்பிட்டுவிட்டு, செடிக்குப் பக்கத்தில் நிறுத்தினார். செடியின் நுனி குச்சிக்கு மேலே ஒரு விரல் அளவு தெரிந்தது.

“முழங்கால் தாண்டிடுச்சு. அலட்சியம்.”

“எந்த முழங்கால் சார்?” நான் செடிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். “இதோ பாருங்க. என் முழங்காலுக்கு எவ்வளவு கீழ இருக்கு.”

“ஆளுக்கு ஒரு முழங்கால்னு போனா சட்டம் என்னத்துக்கு? நெட்டையா இருக்கவனுக்கு ஒரு நியாயம், குட்டையா இருக்கவனுக்கு ஒரு நியாயமா? இது துறையோட முழங்கால். எங்க முதல் இயக்குநரோடது.”

முதல் இயக்குநர் மிகவும் குள்ளமானவர் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அளவு விதியை எழுதிய அன்று முழங்கால் எங்கே என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். அவர் எழுந்து நின்று காட்டியிருக்கிறார். அன்றே சுண்ணாம்பில் அச்சு எடுத்துவிட்டார்கள். இடுப்பு வரை. துறைக் கட்டிடத்தில், இயக்குநர் அறைக்கு முன்னால், கண்ணாடிப் பெட்டிக்குள் அந்த இரண்டு கால்களும் நிற்கின்றன. அந்தப் பக்கம் போகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போகிறார்கள்.

“நான் சொன்ன அன்னிக்கு ஒரு சாண்தான் சார் இருந்துச்சு. நீங்க வர லேட்டானதுல…”

“அதை எழுதவா? துறை தாமதமா வந்துச்சுன்னு சொல்றீங்க, எழுதட்டுமா?”

வேண்டாம் என்றேன். அவர் குனிந்து இலைகளைப் புரட்டிப் பார்த்தார்.

“அடி இலை மஞ்சளா இருக்கே. உரம் போடலையா? பராமரிப்புல குறைன்னு எழுத வேண்டியிருக்கும்.”

என் மனைவி அதுவரை வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். “உரமும் நாங்களே போடணுமா சார்? இல்ல, அதுக்கும் டயர் வரணுமா?” என்றாள். அளவர் அதை எழுதிக்கொண்டார். எந்தக் கட்டத்தில் எழுதினார் என்று தெரியவில்லை.

அலட்சியக்காரர்களுக்கான விழிப்புணர்வு வகுப்பு துறைக் கட்டிடத்தின் இரண்டாவது மாடியில் நடந்தது. பிளாஸ்டிக் நாற்காலி, ஓடாத மின்விசிறி. என்னைத் தவிர ஒரே ஒருத்தர். தையற்காரம்மா. யாரோ கொடுத்த துணியில் அந்த இலைப் படம் அச்சடித்திருந்ததாம். தெரியாமல் தைத்துக் கொடுத்துவிட்டார்.

“படம்தானேம்மா? அதுக்குமா அளந்தாங்க?” என்றேன்.

“சட்டையாத் தைச்சுட்டேன். இலையெல்லாம் இடுப்புக்கு மேல வந்துடுச்சு, சாகுபடின்னுட்டாங்க. அழுது புரண்டதுல அலட்சியமா குறைச்சிருக்காங்க. பாவாடைக் கரையாத் தைச்சிருந்தா தற்செயல்ல போயிருக்கும்.”

விரிவுரையாளர் வந்தார். படம் காட்டும் கருவி பழுதாகியிருந்தது. அவர் அதைப் பொருட்படுத்தாமல், வெறும் சுவரில் குச்சியை வைத்துப் பாடத்தைத் தொடங்கினார்.

“இப்ப நீங்க பார்க்கிறது ஒரு பாய்மரக் கப்பல். இதோட பாய், கயிறு, எல்லாமே அந்தச் செடியோட நார்தான். இது ஒரு வைத்தியரோட வீடு. மாட்டுக்கு வயிறு உப்பினா இந்த இலை, மனுஷனுக்குத் தூக்கம் வரலைன்னா இந்த இலை. இங்க ஒரு துறவி உட்கார்ந்திருக்காரு. அவர் என்ன பண்றாருன்னு உங்களுக்கே தெரியுது. இப்படிப் பல ஆயிரம் வருஷம். எவ்வளவு பயங்கரம்னு பாருங்க.”

நாங்கள் சுவரைப் பார்த்தோம்.

“சார், இதுல பயங்கரம் எங்க இருக்கு?” என்றார் தையற்காரம்மா. “கயிறு திரிச்சிருக்காங்க, மருந்து அரைச்சிருக்காங்க. அவ்வளவுதானே?”

“அங்கதான் அதோட தந்திரம் இருக்கு” என்றார் விரிவுரையாளர். குரலைத் தாழ்த்தினார். “பல ஆயிரம் வருஷமா ஒண்ணுமே பண்ணாம காத்திருந்துச்சு. எந்தச் செடி அப்படிக் காத்திருக்கும்? சட்டம் வர்ற வரைக்கும் ஒரே ஒரு குற்றம்கூடப் பதிவாகலை. சட்டம் வந்த முதல் வருஷமே நாலாயிரம். அப்ப அது எவ்வளவு நாளா மறைச்சு வச்சிருந்திருக்கும்?”

நான் கையைத் தூக்கினேன். “சட்டம் எதுக்கு சார் வந்துச்சு?”

“நல்ல கேள்வி. அடுத்த படம். இது துறைமுகம். மூட்டை தூக்க வெளியூர்லேருந்து ஆளுங்க வந்தாங்க. வேலை முடிஞ்சதும் கூடி உட்கார்ந்து இதைப் புகைச்சுட்டுப் பாட்டுப் பாடுவாங்க. உள்ளூர்ப் பெரிய மனுஷங்களுக்கு அந்தப் பாட்டு பிடிக்கலை. அந்த ஆளுங்களையும் பிடிக்கலை. ஆளுங்களைத் தடை பண்ணலாம்னுதான் முதல்ல பேச்சு. அப்புறம் மூட்டையை யார் தூக்கறது? பாட்டைத் தடை பண்ணலாம்னா அதுக்குச் சட்டத்துல இடமில்லை. கடைசியில செடியைத் தடை பண்ணாங்க. செடிதான் எதிர்த்துப் பேசாது. இதுல சந்தேகம் ஏதாவது இருக்கா?”

இல்லை என்றோம். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். நான்கு வாரமும் இதே வகுப்பு, இதே சுவர்.

நான்காவது வாரம் முடிந்தபோது உரிமம் முடிய மூன்று நாள்தான் இருந்தது. செடி முப்பத்தோரு அங்குலம். துறையின் இடுப்பு முப்பத்திரண்டு. பள்ளியிலிருந்து, புது உரிமத்தின் நகல் வராவிட்டால் திங்கட்கிழமை முதல் வேனை வாசலுக்குள் விடமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள் ஒவ்வொருவராகப் போன் செய்தார்கள். என்ன பதில் சொல்வது? செடி இன்னும் இடுப்புக்கு வரவில்லை என்றா?

“சார், வகுப்பு முடிஞ்சுது. சான்று கொடுங்க” என்று அளவரிடம் நின்றேன்.

“வகுப்பு முடிஞ்சுது. செடி முடியலையே. செடி உங்ககிட்ட இருக்கற வரைக்கும் எப்படி உங்கமேல ஒண்ணும் இல்லைன்னு எழுதறது?”

“அப்ப எடுத்துட்டுப் போங்க சார், புண்ணியமாப் போகும்.”

“வண்டிக்கு டயர் வந்துடுச்சு. டிரைவர் ஓய்வு பெற்றுட்டாரு.”

அன்றுதான் எனக்குக் கோபம் வந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் கண்ணாடிப் பெட்டியைத் தாண்டி நேராக இயக்குநர் அறைக்குள் போய்விட்டேன். இயக்குநர் மிகவும் மரியாதையான மனிதர். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், நான் பேசி முடிக்கும்வரை தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

“உங்க வருத்தம் எனக்குப் புரியுது. ஆனா இந்தத் துறையோட வருத்தம் யாருக்குப் புரியும்?” என்றார். “இந்தக் கட்டிடம் முதல்ல எதுக்குக் கட்டினாங்க தெரியுமா? இந்தச் செடியை வளர்க்கச் சொல்றதுக்கு. கயிற்றுச் செடி ஊக்கத் துறை. வீட்டுக்கு இருபது செடி கட்டாயம். கப்பலுக்குக் கயிறு வேணுமே. நம்ம முதல் இயக்குநர்தான் வீடு வீடாப் போய் அளப்பாரு. முழங்காலுக்குக் கீழ இருந்தா அலட்சியம்னு எழுதுவாரு. இடுப்பைத் தாண்டினாத்தான் பாராட்டுப் பத்திரம்.”

“அதே முழங்காலா சார்?”

“அதே முழங்கால். அப்புறம் பிளாஸ்டிக் கயிறு வந்துடுச்சு. இந்தச் செடியே வேண்டாம்னு ஆயிடுச்சு. இங்க இருநூறு பேர் வேலை பார்க்கறோம். எல்லாருக்கும் தெரிஞ்சது இந்த ஒரு செடியை அளக்கறது மட்டும்தான். வீட்டுக்கு அனுப்ப முடியுமா? அந்த நேரம் பார்த்துத் துறைமுகத்துப் பிரச்சினை வந்துச்சு. தெய்வச் செயல்னுதான் சொல்லணும். பெயர்ப் பலகையை மட்டும் மாத்தினோம். படிவம், குச்சி, அளவர், எல்லாம் அப்படியே இருக்கு. அன்னிக்கு வளர்க்காதவங்களைப் பிடிச்சோம், இன்னிக்கு வளர்க்கறவங்களைப் பிடிக்கறோம். பிடிக்கறதுல நாங்க ஒருநாளும் குறை வச்சதில்லை.”

நெஞ்சைத் தொட்டுக்கொண்டு சொன்னார். கண் கலங்கியிருந்தது.

“எனக்குப் பதினாலு பிள்ளைங்க சார் வேன்ல. சனிக்கிழமையோட உரிமம் முடியுது.”

“செடியை நீங்களே கொண்டாந்து கொடுத்துடுங்க. வேரோட. கையில வாங்கின நிமிஷமே உங்க ஃபைலை மூடிடறேன். இது நான் கொடுக்கற வாக்கு.”

வீட்டுக்கு ஓடினேன். மனைவி மண்ணோடு தோண்டி ஒரு பெயிண்ட் டப்பாவில் வைத்தாள். “இதோட விட்டுச்சே” என்று கையைக் கழுவினாள். டப்பா சாயாமல் இருக்க, வேனில் முதல் இருக்கையில் வைத்து, பெல்ட் மாட்டினேன். வேகத்தடைகளில் பிள்ளைகளுக்கு மெதுவாகப் போவதைவிட மெதுவாகப் போனேன். ஒரு இலைகூட உதிரவில்லை.

இயக்குநர் எழுந்து வந்து இரண்டு கையாலும் டப்பாவை வாங்கினார். சொன்ன சொல் தவறவில்லை. என் கண் முன்னாலேயே ஃபைலைக் கட்டி, சிவப்பு அரக்கு வைத்து மூடினார். அலட்சிய வழக்கு முடிந்தது. நான் கும்பிட்டேன்.

அளவர் ஒரு புது ஃபைலைப் பிரித்தார்.

“சாட்சியம் எப்படி வந்து சேர்ந்தது?” என்று படிவத்தைப் பார்த்துக் கேட்டார்.

“வேன்ல கொண்டாந்தேன் சார்.”

அளவர் இயக்குநரைப் பார்த்தார். இயக்குநர் டப்பாவைப் பார்த்தார்.

“வேன்ல வச்சா?” என்றார் இயக்குநர். “அது கடத்தலாச்சே.”

“நீங்கதானே சார் கொண்டாரச் சொன்னீங்க?”

“நான்தான் சொன்னேன். இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா யார் சொன்னாங்கன்னு சட்டம் கேட்கலை. யார் ஓட்டினாங்கன்னுதான் கேட்குது.”

“வேற எப்படி சார் கொண்டாரது? தலையில வச்சா?”

“தலையில வச்சிருந்தா இடுப்புக்கு மேல” என்றார் அளவர். “சாகுபடி ஆயிருக்கும். நல்ல வேளை.”

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று இப்போது நினைவில்லை. டயர், முழங்கால், குருவி என்று ஏதேதோ வந்தது. பிள்ளைகள் திங்கட்கிழமை எதில் போவார்கள் என்று நாலைந்து முறை கேட்டேன் என்பது மட்டும் நினைவிருக்கிறது. அளவர் நிறுத்தி நிறுத்திக் கேட்டு அதை வாக்குமூலமாக எழுதினார். குருவிக்கு எத்தனை வயது என்று ஒருமுறை குறுக்கே கேட்டார்.

இயக்குநர் கடைசிவரை கோபப்படவில்லை. “பள்ளிப் பிள்ளைங்க உட்கார்ற இருக்கையில வச்சுக் கட்டிக் கொண்டாந்திருக்கீங்க. அது தனிப் பிரிவு. நான் அதைப் பெரிசு பண்ணலை. வேனை மட்டும் பிடிச்சு வச்சுக்கறோம். துறைக்கும் ஒரு நல்ல வண்டி தேவையா இருந்துச்சு” என்றார்.

சாவியைக் கொடுத்தேன். வேனின் கதவில் தாளை ஒட்டி அரக்கு வைத்தார்கள். செடியை டப்பாவிலிருந்து எடுத்து முன்வாசலில் குழி வெட்டி நட்டார்கள். வழக்கு முடிகிறவரை அது உயிரோடு இருக்க வேண்டும். துறையில் தோட்டக்காரர் பதவி கிடையாது. பழைய உத்தரவில் பொறுப்பாளர் பெயர் இன்னும் மாறவில்லை என்று அளவர் நோட்டை என் கையில் கொடுத்தார்.

நான் நடந்து வீடு வந்து சேர்ந்தபோது மனைவி வாசலில் நின்றாள். வேன் எங்கே என்று அவள் கேட்கவில்லை. பதினான்கு வீட்டுக்கும் போன் செய்து, நாளையிலிருந்து வேன் வராது என்று அவளே சொன்னாள். எல்லோரும் ஏன் என்று கேட்டார்கள். பழுது என்றாள்.

மறுநாள் காலை ஏழரை மணிக்குத் துறைக்கு நடந்து போய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றி, நோட்டில் கையெழுத்துப் போட்டேன். திரும்பி வரும் வழியில் பிள்ளைகளில் ஒன்பது பேரைப் பார்த்தேன். பையைத் தூக்கிக்கொண்டு வரிசையாக நடந்து பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். மற்ற ஐந்து பேர் அன்று போகவில்லை.